சேத்தோவிலிருந்து வந்த மான் குடும்பம்

தாய் மான் கட்டைவிரல் உயரம். குட்டிகள் இரண்டும் அதில் பாதி. தாயின் கழுத்திலிருந்து குட்டிகளின் கழுத்துக்கு நூல் கனத்தில் ஒரு பொன்னிறச் சங்கிலி. மூன்றின் முதுகிலும் வெள்ளைப் புள்ளிகள்; கண்ணோரத்தில் ஒரே இழுப்பில் வரைந்த கறுப்பு இமை. அடியில் பொட்டு அளவுக்கு ஒரு தங்கத்தாள், அதில் ‘ஜப்பான்’ என்று ஆங்கில எழுத்து. 1950-களிலும் 60-களிலும் அமெரிக்கச் சில்லறைக் கடைகளுக்கு இப்படி எத்தனையோ பீங்கான் குடும்பங்கள் அட்டையில் ஒட்டப்பட்டு விற்பனைக்கு வந்தன: நாயும் குட்டிகளும், வாத்தும் குஞ்சுகளும், பூனை, அணில், முயல், குதிரை. பள்ளிக்கூடப் பிள்ளை கையில் இருக்கும் காசுக்கே வாங்கிவிடலாம்.

இவற்றைத் தேடிச் சேர்ப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் உண்டு. பார்க்கிறவர்கள் பலரும் ‘மலிவுச் சாமான்’ என்று சொல்லி நகர்ந்துவிடுவார்கள். விலையைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் இந்த மான் எந்த மண்ணில் பிறந்தது, எத்தனை கை மாறியது, அதன் அடியில் இருக்கும் எழுத்தை எந்தச் சட்டமும் எந்தப் போரும் மாற்றி எழுதின என்று பின்தொடர்ந்து போனால், விலை இறங்கிய அளவுக்கு வேலை இறங்கவே இல்லை என்பது தெரியவரும். அதைச் சொல்லத்தான் இந்த வரலாறு.

பிறந்த ஊர் சேத்தோ. ஜப்பானின் ஐச்சி மாநிலத்தில், நகோயா நகரத்துக்கு வடகிழக்கே சுமார் 20 கிலோமீட்டர். ‘ஆறு பழஞ்சூளைகள்’ என்று ஜப்பானியர் போற்றும் ஊர்களில் ஒன்று. ஆயிரம் ஆண்டாக அங்கே மண்பாண்டத் தொழில் நடந்து வருகிறது. காரணம் அடிமண். கருங்கல் சிதைந்து, பழங்கால ஏரிப்படுகையில் படிந்து உண்டான களிமண் அது. ஒரு வகையில் படிகக்கல் மணிகள் கலந்திருக்கும். நனைந்தால் தவளைக் கண்களாக மினுங்கும் என்பதால் அதற்குத் ‘தவளைக்கண் மண்’ என்றே பெயர். இன்னொரு வகையில் மக்கிய மரத்துணுக்குகள் கலந்திருக்கும். பிசைந்தால் நன்றாக வளைந்து கொடுக்கும். இரண்டிலும் இரும்புச்சத்து குறைவு. அதனால் சுட்டால் வெளுப்பாக வரும்.

மண் காலடியில் இருந்தும், பீங்கான் செய்யும் வித்தை நெடுங்காலம் சேத்தோவுக்கு வாய்க்கவில்லை. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கியூஷு தீவின் அரிதாவில் தொடங்கிய அந்தத் தொழிலின் நுணுக்கங்களை அங்குள்ளவர்கள் வெளியே விடாமல் காத்தார்கள். 1804-இல் கத்தோ தமிக்கிச்சி என்ற குயவர் சேத்தோவிலிருந்து கியூஷுவுக்குப் புறப்பட்டுப் போனார். அங்குள்ள சூளைகளில் வேலைக்கு அமர்ந்து, பக்குவங்களைக் கற்றுக்கொண்டு, 1807-இல் ஊர் திரும்பினார். சேத்தோவின் சூளைத் தெய்வக் கோயிலில் இன்று அவரையே வணங்குகிறார்கள். செப்டம்பரில் அவர் நினைவாகப் பீங்கான் திருவிழா நடக்கிறது. அன்றைக்கு மழை பிடித்தால், கியூஷுவில் அவர் விட்டுவந்த மனைவி அழுகிறாள் என்று ஊரில் சொல்வார்கள்.

ஆக, மண்ணுக்கு ஒரு வரலாறு. விலங்கு வடிவத்துக்குத் தனியாக இன்னொரு வரலாறு உண்டு. 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரிதாக் குயவர்கள் செய்த ஒரு ஜோடி வெள்ளை யானைகள் இப்போது லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் நிற்கின்றன. யானையை நேரில் பார்த்திருக்க வாய்ப்பில்லாத கைகள் செய்த யானைகள் அவை. நாகசாகித் துறைமுகத்தில் தேஜிமா என்ற சிறு செயற்கைத் தீவில் அடைபட்டு வாணிபம் செய்த டச்சுக்காரர்கள் அரிதாப் பீங்கானை வாங்கி ஐரோப்பாவுக்குக் கப்பலேற்றினார்கள். அங்கே அது பிரபுக்களும் அரசர்களும் மாளிகையில் வைத்துப் பார்க்கும் பொருள். அந்த மோகத்தில் தலைமுழுகியவர் சாக்சனியை ஆண்ட அரசர் அகஸ்டஸ். சீனத்திலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வாங்கிக் குவித்தார். 1710-இல் மைசன் ஊரில் சொந்தமாகப் பீங்கான் ஆலையையே நிறுவினார். மைசன் கைவினைஞர்கள் ஜப்பானிய ஓவியங்களைப் பார்த்து வரைந்தார்கள். 1730-களில் யொஹான் யோவாகிம் கெண்ட்லர் என்ற சிற்பி, டிரெஸ்டனில் இருந்த அரசரின் ‘ஜப்பானிய மாளிகை’க்காகப் பீங்கானிலேயே பெரிய பெரிய விலங்குகளைச் செய்தார்.

அரசர் வீட்டுப் பொருள் மெல்ல ஊர்ப் பொருளானது. 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் துரிங்கியா வட்டார ஆலைகள் பீங்கான் பொம்மைகளையும் சின்ன உருவங்களையும் மலிவாகச் செய்து அமெரிக்காவுக்கு அனுப்பின. 1914-இல் முதல் உலகப்போர் மூண்டது. ஜெர்மன் சரக்கு நின்றது. கடை அலமாரிகளை நிரப்பியாக வேண்டிய அமெரிக்க இறக்குமதியாளர்கள் ஜப்பான் பக்கம் திரும்பினார்கள். சேத்தோவின் ஆலைகள் ஜெர்மன் பொம்மைகளை மாதிரியாக வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கின. அரிதாவிலிருந்து மைசனுக்குப் போன எண்ணம், துரிங்கியா வழியாக, இரண்டரை நூற்றாண்டு கழித்து ஜப்பானுக்கே திரும்பி வந்தது. போகும்போது அரசரின் மாளிகைக்குப் போன சரக்கு. திரும்பி வந்த பின் அது குழந்தையின் மேசைக்குப் போகத் தயாரானது.

இனி அந்த மானை எப்படிச் செய்தார்கள் என்று பார்ப்போம். முதலில் மாதிரிச் சிற்பி களிமண்ணில் மானைச் செதுக்குகிறார். சுட்டால் மண் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கும். ஆகவே எந்த உயரம் வேண்டுமோ அதைவிடப் பெரிதாக, சுருங்கிய பிறகும் முகம் முகமாகவே இருக்கும்படி செய்ய வேண்டும். பிறகு அதே மானை அவரே துண்டு துண்டாக வெட்ட வேண்டும். நான்கு மெல்லிய காலும் இரண்டு காதும் கொண்ட உருவம் ஒரே அச்சில் வராது. அச்சைத் திறக்கும்போது ஒடிந்துவிடும். எங்கே வெட்டினால் அச்சு சுலபமாகக் கழலும், ஒட்டிய இடமும் தெரியாது என்பதைக் கண்டுபிடிப்பதில்தான் அவருடைய அறிவு இருக்கிறது. அந்தத் துண்டுகளிலிருந்து பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் தாய் அச்சு. தாய் அச்சிலிருந்து வேலை அச்சுகள். பிளாஸ்டர் விரைவில் தேய்ந்து விளிம்பு மழுங்கும் என்பதால், வேலை அச்சுகளை அடிக்கடி மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

அச்சில் ஊற்றுவது களிக்குழம்பு. களிமண், பெல்ட்ஸ்பார், படிகக்கல் பொடி, தண்ணீர். கூடவே மிகக் கொஞ்சம் சோடியம் சிலிகேட். அது சேர்ந்தால் தண்ணீர் குறைவாக இருந்தாலும் குழம்பு தடையின்றி ஓடும். ஊற்றிய சில நிமிடங்களில் பிளாஸ்டர் குழம்பின் நீரைக் குடித்துவிடும். அச்சின் உட்சுவர் நெடுக மண் தோலாகப் படியும். தோல் போதிய கனம் வந்ததும் மிச்சக் குழம்பைக் கவிழ்த்து ஊற்றிவிடுவார்கள். உள்ளே கூடு. கால், வால் போன்ற மெல்லிய பாகங்கள் மட்டும் கூடில்லாமல் நிறைந்து வரும். எடுக்கிற நேரம் தவறினால் ஒன்று வெடிக்கும், இல்லையேல் துவளும். கடிகாரத்தைவிடக் கையின் பழக்கமே அதற்கு நம்பகம்.

பாதி காய்ந்த துண்டுகளை அதே களிக்குழம்பைத் தொட்டு ஒட்டுகிறார்கள். அச்சு சேர்ந்த இடத்தில் நிற்கும் தழும்பைச் சிறு கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைக்கிறார்கள். கூடாக இருக்கும் உடலில் எங்காவது ஊசித்துளை இருக்கும். உள்ளே அடைபட்ட காற்று சூட்டில் வெளியேற வழி வேண்டுமே. காய்ந்த மான் ஒருமுறை மிதமான சூட்டில் வேகிறது. பிறகு மெருகுக் கரைசலில் முக்கி எடுத்து, தட்டில் ஒட்டிக்கொள்ளாதபடி குளம்படியை மட்டும் துடைத்துவிட்டு, 1,300 பாகையை எட்டும் சூட்டில் இரண்டாம் முறை. வெள்ளையாக, கண்ணாடிப் பளபளப்போடு வெளியே வரும் மானுக்கு நிறம் தீட்டி, 800 பாகையை ஒட்டிய சூட்டில் மூன்றாம் முறை. சில்லறைக் காசுக்கு விற்கப்போகிற மானுக்கு மூன்று தரம் சூளை. அரசர் வீட்டு யானை கேட்ட அதே பக்குவத்தைத்தான் இந்தச் சின்ன உருவமும் கேட்டது.

சூளையில் பண்டங்களை நெருப்பும் சாம்பலும் நேரே தொடாமல் காக்க மண் பெட்டிகள் உண்டு. பலமுறை வெந்து தேய்ந்த பெட்டிகளையும் தட்டுகளையும் சேத்தோ மக்கள் வீசி எறியவில்லை; அவற்றை அடுக்கி வீட்டுக்கும் சரிவுக்கும் சுவர் எழுப்பினார்கள். அந்தச் சுவர்கள் நெடுக ஓடும் பழைய சந்து ஒன்றை இன்றும் ஊரில் நடந்து பார்க்கலாம். தொழிலுக்கு ஊர் கொடுத்த விலையும் பெரிது. விறகுக்கும் மண்ணுக்கும் சுற்றுக் குன்றுகள் மொட்டையாகி, மழைக்காலத்தில் மண் சரிந்து, பின்னாளில் மரம் நட்டு மீட்க வேண்டியிருந்தது.

நிறம் தீட்டியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆலைக்குப் போய்த் தீட்டியவர்கள் உண்டு. வீட்டு வேலைக்கு நடுவே, உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலிக்கு வீட்டிலேயே தீட்டிக் கொடுத்தவர்களும் உண்டு. இதன் தடயத்தை, சேகரிப்பவர்களான நாங்கள் கண்ணால் பார்க்கிறோம். ஒரே அச்சில் வந்த இரண்டு மான்களை அருகருகே வைத்தால் உடல் ஒன்று, முகம் வேறு. ஒருத்தியின் தூரிகை இமையை மேலே தூக்கி முடிக்கும். இன்னொருத்தியுடையது கீழே சாய்த்து முடிக்கும். ஒன்று விழித்துப் பார்க்கிற மான், மற்றது கூச்சப்படுகிற மான். அவர்கள் யாரும் பெயர் எழுதவில்லை. எழுத இடமுமில்லை, எழுதச் சொன்னாரும் இல்லை. அந்த இமைக்கோடுதான் அவர்கள் விட்டுச் சென்ற கையெழுத்து.

முடிந்த சரக்கு நகோயாவுக்குப் போக வேண்டும். அதற்காகவே பிறந்த ரயில்பாதை ஒன்று சேத்தோவுக்கு இருந்தது. 1905-இல் ஓடத் தொடங்கிய அது, 1911-இல் நகோயாவின் ஹோரிகாவா கால்வாய்க்கரை வரை நீண்டது. ரயிலிலிருந்து படகுக்கு, படகிலிருந்து 1907-இல் திறக்கப்பட்ட நகோயாத் துறைமுகத்துக்கு, அங்கிருந்து பசிபிக் கடலுக்கு. அந்தக் காலத்து ஜப்பானிய ஏற்றுமதியின் கை எவ்வளவு நீளம் என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி உண்டு: செட்டிநாட்டு வீடுகளின் சுவரில் பதித்திருக்கும் ஜப்பானிய வண்ண ஓடுகள்.

கப்பலேறும் முன் ஒரு வேலை பாக்கி: அடியில் முத்திரை. 1890-இல் நிறைவேறி மறு ஆண்டு நடைமுறைக்கு வந்த அமெரிக்காவின் மெக்கின்லி சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருள் ஒவ்வொன்றிலும் எந்த நாட்டில் செய்யப்பட்டது என்று எழுதியிருக்க வேண்டும் என்றது. ஜப்பானியர் தங்கள் நாட்டின் பெயரைத் தங்கள் மொழியிலேயே ‘நிப்பான்’ என்று பொறித்தார்கள். அது ஆங்கிலச் சொல் அல்ல என்று 1921-இல் அமெரிக்கச் சுங்கம் முடிவு செய்ய, அதன்பின் ‘ஜப்பான்’ வந்தது. இந்த இரண்டு சொற்களையும் வைத்தே ஒரு பொம்மை 1921-க்கு முன்னா பின்னா என்று நாங்கள் கணிக்கிறோம்.

அடுத்த மாற்றத்தைச் செய்தது இரண்டாம் உலகப்போர். போர்க்காலத்தில் அழகுப் பொருளுக்கு இடமில்லை. அமெரிக்கச் சந்தையும் மூடிக்கொண்டது. 1945-இல் உலோகத் தட்டுப்பாடு முற்றி, பீங்கானில் நாணயம் அடிக்கவே அரசு முயன்றது. அந்த வேலையை ஏற்ற ஊர்களில் சேத்தோவும் ஒன்று. போர் முடிந்துவிட்டதால் அந்தக் காசு முறையாகப் புழக்கத்துக்கு வரவே இல்லை.

தோற்ற நாட்டுக்கு உணவு இறக்குமதி செய்ய டாலர் வேண்டியிருந்தது. டாலர் வர ஏற்றுமதி வேண்டியிருந்தது. எரிந்த ஆலைகளுக்கும் இல்லாத எஃகுக்கும் நடுவே, உள்ளூர் மண்ணும் ஊர்க் கையும் மட்டுமே போதுமான தொழில் இது. 1947-இல் தனியார் வாணிபம் மீண்டும் திறந்தது. அப்போது அடியில் எழுதப்பட்ட வாசகம் ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது’. 1952 ஏப்ரல் 28-இல் சான் பிரான்சிஸ்கோ சமாதான உடன்படிக்கை நடைமுறைக்கு வந்து ஆக்கிரமிப்பு முடிந்தது. அந்த வாசகமும் அதோடு முடிந்தது. ஒரு வாத்துக் குஞ்சின் வயிற்றடியில் சிவப்பு மையில் அந்த வரி இருந்தால், வென்ற நாட்டுக் குழந்தைகளுக்காகத் தோற்ற நாட்டுத் தாய்மார்கள் தீட்டிய குஞ்சு அது. சேகரிப்பவர்கள் அந்த முத்திரைக்குத் தனி மதிப்புக் கொடுப்பது அபூர்வம் என்பதற்காக மட்டும் இல்லை.

கடலுக்கு அந்தப்பக்கம், மானை வரவழைத்தவர்கள் லெஃப்டன், நாப்கோ, எனெஸ்கோ, நார்க்ரெஸ்ட் போன்ற இறக்குமதி நிறுவனங்கள். வூல்வொர்த் வகைச் சில்லறைக் கடைகளிலும் பரிசுப்பொருள் கடைகளிலும் இந்த அட்டைகள் பிள்ளைகளின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் கிடைத்தன. ஒட்டிய அட்டையிலிருந்து பிய்த்து எடுக்கும்போதே கால் ஒடிந்த மான்கள் ஏராளம்.

இந்தப் பெருக்கத்தில் ஒரு குறையும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. மைசன், கோபன்ஹேகன் ஆலைகளின் வடிவங்களை மட்டுமின்றி, கலிபோர்னியாவின் சிறு கைவினைஞர்கள் செய்தவற்றையும் ஜப்பானிய ஆலைகள் நகலெடுத்தன. ஹேகன்-ரெனேக்கர் என்ற கலிபோர்னியக் குடும்ப நிறுவனத்தின் குட்டி விலங்குகளுக்கு ஜப்பானிய நகல்கள் ஏராளம். ‘ஜோசஃப் ஒரிஜினல்ஸ்’ நிறுவனத்தின் மியூரியல் ஜோசஃப் ஜார்ஜ் வேறு வழி கண்டார்: மலிவு நகல்களோடு போட்டியிட முடியாதபோது, 1960-ஐ ஒட்டித் தன் வடிவங்களைத் தானே ஜப்பானில் செய்யக் கொடுத்தார். அவர் கேட்ட தரத்துக்கு ஜப்பானிய ஆலை செய்தும் கொடுத்தது. நகலெடுத்த அதே கைகளுக்கு, நேரமும் நல்ல மாதிரியும் கிடைத்தால் எதுவும் கைவரும் என்பதற்கு அந்தப் பொம்மைகளே அத்தாட்சி. ஜப்பானுக்குள்ளும் கூச்சம் இருந்தது. 1950-களில் நகோயாவில் பீங்கான் வடிவங்களைப் பதிவுசெய்து நகலைத் தடுக்க ஒரு மையம் தொடங்கப்பட்டது.

மான் மலிவாக இருந்ததற்குப் பெரிய காரணம் ஓர் எண். 1949 முதல் 1971 வரை ஒரு டாலருக்கு 360 யென் என்று நிலைநிறுத்தி வைத்திருந்தார்கள். அமெரிக்கக் குழந்தைக்குச் சில்லறை, சேத்தோக் குடும்பத்துக்குச் சோறு. 1971 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் நிக்சன் டாலருக்கும் தங்கத்துக்கும் இருந்த பிணைப்பை அறுத்ததும் அந்த எண் ஆடத் தொடங்கியது. 1985 செப்டம்பரில் நியூயார்க் பிளாசா ஓட்டலில் ஐந்து நாடுகளின் நிதி அமைச்சர்கள் கூடி டாலர் மதிப்பைக் குறைக்க உடன்பட்டார்கள். அதற்கு முன் 240-ஐ ஒட்டி இருந்த டாலர், சில ஆண்டுகளில் 150 யென்னுக்கும் கீழே வந்தது. அதே மான் அமெரிக்கக் கடையில் ஒன்றரை மடங்குக்கும் மேல் விலையாகிவிட, வாங்குவோர் தைவானுக்கும் பிறகு சீனாவுக்கும் போனார்கள். மண் தீரவில்லை, கை மறக்கவில்லை. நாணய விகிதம் மாறியது, சேத்தோவின் பொம்மை ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின.

மான் குடும்பத்தின் பிற்காலம் அமெரிக்க வீடுகளில் கழிந்தது. குழந்தை வளர்ந்தாள், அலமாரியிலிருந்து மான் பெட்டிக்குள் போனது. வீட்டுக்காரர் இறந்தபின் வீட்டுச் சாமான் விற்பனையில், பொத்தான்களோடும் ஒற்றைக் காதணிகளோடும் கலந்து வெளியே வந்தது. அங்கேதான் சேகரிப்பவர் அதைச் சந்திக்கிறார். முதலில் காதையும் வாலையும் விரல் நுனியால் தடவிப் பார்ப்போம். ஒட்டுப் போட்டிருந்தால் கண்ணுக்கு முன் விரலுக்குத் தெரியும். புற ஊதா விளக்கில் பழைய பசை தனியாக ஒளிர்வதும் உண்டு. சூளையில் சுடாமல் மேலே பூசிய நிறம் சில உருவங்களில் இருக்கும். அதைச் சோப்பு நீரில் கழுவினால் நிறமே போய்விடும், உலர்ந்த மெல்லிய தூரிகைதான் சரி. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தத் தங்கத்தாளைத் தொடவே கூடாது. உடல் இத்தனை சிறிதாக இருந்தால் முத்திரை பதிக்க இடமில்லை. அதன் நாட்டின் பெயர் அந்த ஒட்டுத்தாளில்தான் இருக்கிறது. அது உதிர்ந்தால் மான் அநாதை.

இந்தப் பொழுதுபோக்கைக் கடமையாகவே நான் எண்ணுவதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. செய்ததெல்லாம் ஏற்றுமதிக்கு என்பதால், சேத்தோவில் முடிந்த பொம்மைகள் மிகக் குறைவாகவே தங்கின. ஊரில் மிஞ்சியவை அச்சுகள், மாதிரிகள், வயதான கைவினைஞர்களின் நினைவு. ஊர் நடுவிலுள்ள சேத்தோகுரா அருங்காட்சியகம் பழைய ரயில் நிலையத்தை மறுபடி கட்டி, ஏற்றுமதிப் பொம்மைகளையும் காட்சிக்கு வைத்திருக்கிறது. அந்தத் தொழிலை ஆவணப்படுத்தவும் ஊரில் ஆட்கள் உழைக்கிறார்கள். வரலாற்றின் மறுபாதி கடல் கடந்து, தனியார் அலமாரிகளில் சிதறிக் கிடக்கிறது. எனவே சேகரிப்பவர் ஒவ்வொருவரும் மூன்று காரியங்கள் செய்தால் போதும்: அட்டையையும் ஒட்டுத்தாளையும் பிரிக்காமல் வைப்பது, அடிப்புறத்தைப் படமெடுத்து, எங்கே எப்படிக் கிடைத்தது என்று எழுதி வைப்பது, அந்தக் குறிப்பைப் பிறர் பார்க்கக் கொடுப்பது. அச்சு அங்கே, உருவம் இங்கே என்று பிரிந்து கிடப்பவை பொருந்தும்போது, எந்த ஆலை எதைச் செய்தது என்பது தெளிவாகும். ஒரு சிற்பியின் பெயரும், ஒரு தூரிகைக்காரியின் பெயரும் சில இடங்களிலாவது மீளும். மைசன் விலங்குகளைச் செய்த கெண்ட்லரின் பெயரை உலகம் எழுதி வைத்தது. அதே வேலையை, அதைவிடச் சிறிய அளவில், அதைவிடக் குறைந்த கூலிக்குச் செய்தவர்களுக்கும் அந்த மரியாதை உரியது.